டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரேஸ்: பழைய செவர்லே கே10-இல் சில வருட உழைப்புக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 1978-ஆம் வருடத்து செவர்லே கே10. அரை டன் பிக்கப், நாலு சக்கர இயக்கம், 350 கன அங்குல வி8 என்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1973 முதல் 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த இந்தப் பெட்டி வடிவ டிரக்குகளை இங்கே அமெரிக்காவில் ஸ்கொயர்பாடி என்றுதான் சொல்வார்கள். நான் இருப்பது கொலராடோவில், ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில். கண்காட்சிக்குத் துடைத்து வைக்கும் வண்டி இல்லை இது. வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிக் காட்டில் விறகு ஏற்றி வரும், பனியில் ஓடும், கோடையில் தெற்கே சான் ஹுவான் மலைகளில் ஏறும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதற்கு முட்டுக் கொடுக்கும் பிரேஸ் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பழைய வண்டிக்காரர்கள் நடுவிலும் இதைப் பற்றிப் பேச்சு குறைவுதான். டயர், லிஃப்ட் கிட், வின்ச் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் சாமான்கள், அவற்றுக்குக் காசு செலவழிப்பார்கள். வண்டிக்கு அடியில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் ஒரு இரும்புப் பட்டையை கியர்பாக்ஸ் வேலை பார்க்கக் கழற்றினால், பல நேரம் அது திரும்ப மாட்டப்படுவதே இல்லை. மெக்கானிக் ஒரு மூலையில் போட்டிருப்பார், வண்டி அது இல்லாமலே ஓடும், அப்படியே போய்விடும். அதனால்தான் இன்றைக்கு சந்தைக்கு வரும் பழைய டிரக்குகளில் பலவற்றில் இது காணாமல் போயிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேஸ் போடலாம், போட வேண்டும். ஆனால் அது டிரான்ஸ்ஃபர் கேஸை கியர்பாக்ஸோடு கட்ட வேண்டும், சேசிஸோடு இரும்புக்கு இரும்பாகக் கட்டக் கூடாது. சேசிஸோடு விறைப்பாகக் கட்டிய பிரேஸைவிட பிரேஸே இல்லாதது மேல். இரண்டு விதமாகவும் இந்த வண்டியை ஓட்டியாகிவிட்டது, நடுவில் கொஞ்ச காலம் எதுவும் இல்லாமலும் ஓட்டினேன்.

என் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது என்.பி.203 டிரான்ஸ்ஃபர் கேஸ். அது நாலு சக்கரத்தையும் எப்போதும் ஓட்டிக்கொண்டே இருக்கும் வகை. உள்ளே செயின், நடுவில் ஒரு டிஃபரென்ஷியல். செயின் வயதானால் நீளும், பெட்ரோலும் குடிக்கும். முந்தைய உரிமையாளர் அதைத் தூக்கிவிட்டு என்.பி.205 வைத்திருந்தார். ஸ்கொயர்பாடிக்காரர்கள் நிறையப் பேர் செய்யும் மாற்றம்தான். 205-இல் செயின் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு. லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் நிலை, அதன் விகிதம் 1.96. உடைக்கவே முடியாத பெட்டி என்று அதற்குப் பெயர், பெரும்பாலும் உண்மையும்கூட. பிரச்சினை அந்தப் பெட்டியில் இல்லை, அது எதில் தொங்குகிறது என்பதில்தான்.

கே10-இல் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் பின்முனையில் அடாப்டர் என்ற இணைப்புத் துண்டு வழியாக நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடாப்டருக்குக் கீழே ஒரு ரப்பர் மவுண்ட், அது சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் உட்காரும். முன்னால் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மவுண்ட். ஆக என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் சேர்ந்த ஒரே நீளமான உருப்படி, மூன்று ரப்பர் கால்களில் நிற்கிறது. அறுபது கிலோவுக்கு மேல் கனமுள்ள 205, பின் மவுண்டையும் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நேராகவும் தொங்காது. முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் வலது பக்கம் இறங்குவதால் பெட்டியின் கனம் வலப்புறம் சாய்ந்திருக்கும். இந்த ஓரவஞ்சனைக் கனத்தை முன்னால் பிடித்துக்கொண்டிருப்பது டர்போ 350-இன் அலுமினிய உடம்பும் அதன் பின்முகத்து போல்ட்டுகளும். குண்டும் குழியுமான பாதையில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இணைப்பில் ஒரு இழுப்பு விழும்.

கனத்தைவிட முக்கியமானது முறுக்கு விசை. இதைப் பலரும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் "கனம் தாங்கத்தான் பிரேஸ்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஹை ரேஞ்சில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே வரும் முறுக்கை அப்படியே வெளியே விடுகிறது. உள்ளே எவ்வளவோ வெளியேயும் அவ்வளவு. முன் ஷாஃப்ட்டுக்குப் பாதி, பின் ஷாஃப்ட்டுக்குப் பாதி என்று பிரிந்தாலும் கூட்டினால் அதே கணக்கு. அதனால் பெட்டியின் உடம்பு எந்தப் பக்கமும் திரும்பப் பார்க்காது. லோ ரேஞ்சில் கதை வேறு. உள்ளே 100 வந்தால் வெளியே 196 போகிறது. அந்த மிச்சம் 96 எங்கிருந்து வந்தது? பெட்டியின் உடம்பு எதிர்ப்பக்கம் உந்தித்தான் அதைக் கொடுக்கிறது. அந்த உந்தலைத் தாங்குவது அடாப்டர் இணைப்பு. பிரேஸ் இல்லையென்றால் அது ஒன்றேதான் தாங்க வேண்டும்.

என்ஜின் அதிகபட்சம் சுமார் 350 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நகரத் தொடங்கும் நொடியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். டர்போ 350-இன் முதல் கியர் 2.52. பெருக்கிப் பார்த்தால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 1,760 நுழைகிறது, லோ ரேஞ்சில் 3,450 வெளியேறுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 1,700. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் அவ்வளவு வருவதற்குள் டயர் பிடி விட்டு வழுக்கிவிடும். வெறும் வண்டியில் பாதி வரும், காய்ந்த பாறையில் விறகுச் சுமையோடு ஏறும்போது இன்னும் கூடும். ரிவர்ஸ் போட்டால் இதே விசை திசை மாறி வரும். பனியில் சக்கரம் மாட்டிக்கொண்டால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வண்டியை எடுப்போமே, அப்போது அடாப்டர் போல்ட்டுகளுக்கு நடப்பது, கம்பியை இரு பக்கமும் வளைத்து வளைத்து ஒடிப்பது மாதிரியான வேலை.

என்.பி.208 வைத்திருப்பவர்கள் "என்னுடையது அலுமினியப் பெட்டி, கனமில்லை, எனக்கு எதற்கு" என்று கேட்பார்கள். 1980-களின் வண்டிகளில் வந்தது அது. அதன் லோ ரேஞ்ச் 2.61. உள்ளே 100 போனால் உடம்பில் விழும் எதிர் உந்தல் 161. கனம் குறைந்தாலும் முறுக்கு 205-ஐவிடக் கூடுதல். அதனால் 208 வண்டியில் பிரேஸைத் தூக்கிப் போடுவதற்கு நியாயமே கிடையாது.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

வண்டி வாங்கியபோது அதில் ஏற்கெனவே ஒரு முட்டு இருந்தது. முந்தைய உரிமையாளரோ அவர் போன பட்டறையோ ஒரு ஆங்கிள் இரும்பை எடுத்து, ஒரு முனையை டிரான்ஸ்ஃபர் கேஸின் போல்ட்டில் மாட்டி, மறுமுனையை வலதுபக்கச் சேசிஸ் ரெயிலில் வெல்டு வைத்திருந்தார்கள். பார்க்க மிக உறுதியாக இருந்தது, வெல்டிங்கும் சுத்தம். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்து டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்தால் தரைத் தகடு வழியாகக் காலுக்கு அதிர்வு ஏறும். நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கேபினுக்குள் ரீங்காரம். மூன்று ரப்பர் கால்களில் மிதக்க வேண்டிய உருப்படிக்கு நாலாவதாக ஒரு இரும்புக் காலைக் கொடுத்தால் ரப்பர் மூன்றுக்கும் வேலை இல்லாமல் போகிறது. சத்தம் முழுக்க அந்த ஆங்கிள் வழியாகச் சேசிஸில் இறங்கிவிடும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மோசமானது வேறு. இந்த டிரக்குகளின் சேசிஸ் திறந்த சி வடிவ ரெயில். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறி எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சேசிஸ் நன்றாகவே முறுகும். கேபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் போயிருக்கும். முறுகுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த முறுக்கு என்ஜின் வரிசைக்கு ஏறாமல் இருக்கத்தான் ரப்பர் மவுண்ட். ஆங்கிள் இரும்பு அதை அப்படியே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. என்ஜின் முன்னால் தன் மவுண்டில் ஒரு பக்கம் சாய, பின்னால் பெட்டி சேசிஸோடு இன்னொரு பக்கம் இழுபட, நடுவில் மாட்டிக்கொண்டது அலுமினிய கியர்பாக்ஸ். அடாப்டர் இணைப்பில் எண்ணெய்க் கசிவு நிற்கவே இல்லை, கேஸ்கெட் மாற்றினாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். கடைசியில் ஆங்கிள் மாட்டியிருந்த போல்ட் துளையைச் சுற்றி முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. நல்ல காலம், அது பெட்டியின் சுவர் வரை போகவில்லை. அன்றைக்கே ஆங்கிளை அறுத்தெடுத்துவிட்டேன்.

இதைச் சொன்னால் சிலர் பழைய வில்லிஸ் ஜீப்பைக் காட்டுவார்கள். நம்மூரில் மகிந்திரா அதே வம்சத்து சி.ஜே.3பி ஜீப்புகளைத் தயாரித்தது, மலைப்பக்கம் இன்றும் சில ஓடுகின்றன. அவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கிராஸ் மெம்பருக்கு ஒரு போல்ட் இறங்கும், அது சேசிஸோடுதான் கட்டுகிறது. உண்மைதான். ஆனால் அந்த போல்ட்டுக்கு ரப்பர் வளையங்கள் உண்டு. பெட்டி அளவுக்கு மீறித் திரும்பும்போது மட்டும் அவை தடுக்கும், மற்ற நேரம் ஆட விடும். சேசிஸில் கட்டுவதானால் அப்படித்தான் கட்ட வேண்டும்.

ஃபோர்டு எஃப்-250-இன் பழைய உயரமான வண்டிகள், அதாவது 1977 நடுப்பகுதி வரை வந்தவை, இந்தப் பேச்சுக்கே வெளியே. அவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனியாகப் பிரிந்து, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட்டோடு, சொந்த மவுண்டில் சேசிஸிலேயே தொங்கும். அங்கே கியர்பாக்ஸுக்கு முட்டு என்ற கேள்வியே இல்லை, பார்க்க வேண்டியது அந்த மவுண்டுகளின் ரப்பரையும் குட்டி ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட் என்ற மூட்டையும்.

ஆங்கிளை எடுத்த பிறகு கொஞ்ச காலம் பிரேஸே இல்லாமல் ஓட்டினேன். வண்டி அமைதியானது, ரீங்காரம் போயிற்று. புதுக் கேஸ்கெட்டும் முன்பைவிட அதிக நாள் தாங்கியது. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர் இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சான் ஹுவான் மலைகளில் யூரே ஊரிலிருந்து டெல்லுரைடு ஊருக்குப் போகும் இமோஜீன் கணவாயில் ஏறிப் பார்த்தேன். உச்சி ஏறத்தாழ 4,000 மீட்டர். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, கார்புரேட்டர் வண்டி மூச்சு வாங்கும், வலு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் லோ ரேஞ்சிலேயே மணிக்கணக்கில் கிடக்க வேண்டியதாகிறது. இறங்கி வந்து பார்த்தால் அடாப்டர் போல்ட்டுகளில் இரண்டு கையாலேயே திரும்பின. கசிவு மறுபடி தொடங்கியிருந்தது.

வெளியே ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. அடாப்டருக்குள் ஒரு சீல் இருக்கிறது, கியர்பாக்ஸின் ஆட்டோமேட்டிக் எண்ணெயையும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கியர் எண்ணெயையும் பிரித்து வைப்பது. இணைப்பு ஆடினால் ஷாஃப்ட் அந்த சீலின் மையத்திலிருந்து விலகும், சீல் தேயும், கியர்பாக்ஸ் எண்ணெய் மெல்ல டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போய்ச் சேரும். வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட விழாது, கியர்பாக்ஸ் அளவு மட்டும் குறைந்துகொண்டே வரும். டிரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்பும் மூடியைத் திறந்தால் சிவப்புக் கலந்த எண்ணெய் வழியும். என் வண்டியில் அதுவும் ஆரம்பித்திருந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற லேத் வேலைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும், காந்த அடி வைத்த டயல் கேஜ் உண்டு. காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் அதை வார்ப்பிரும்பு டிரான்ஸ்ஃபர் கேஸில் நிறுத்தி, அதன் முனையை கியர்பாக்ஸில் தொடவைத்து, சேசிஸில் ஒரு கைபேசியைக் கட்டிப் படம் பிடித்தோம். வண்டிக்கு அடியில் ஆள் யாரும் இல்லை, நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்திருந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்து லோ ரேஞ்சில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முள் ஒரு பக்கம் போயிற்று, ரிவர்ஸில் மறுபக்கம் போயிற்று. என்ஜின் வரிசை முழுவதும் சேர்ந்து மவுண்டில் புரள்வது வேறு, அதற்குத் தீங்கில்லை. இது இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நடக்கும் அசைவு. மெல்லிய அசைவுதான், ஆனால் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் அது இருக்கவே கூடாது.

முதலில் தேடியது பழைய கம்பெனி பிராக்கெட்டை. இங்கே காயலான் கடைகளில் நாமே ஸ்பேனர் கொண்டுபோய்க் கழற்றிக்கொள்ளலாம். ஸ்கொயர்பாடிகள் இப்போது அங்கே அரிதாகிவிட்டன, வந்தாலும் ஒரு வாரத்தில் எலும்பாகிவிடும். ஒரு கே5 பிளேசரில் கிடைத்தது. அழுத்தி வளைத்த தகட்டுப் பிராக்கெட், கையில் எடுத்தால் இவ்வளவு லேசான சாமானா என்று தோன்றும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், வருடம் மூன்றும் பொருந்த வேண்டும். 203-க்கு வந்தது 205-இல் உட்காராது, டர்போ 350-க்கு வந்தது 700ஆர்4 என்ற பிற்கால கியர்பாக்ஸில் உட்காராது. அதற்கான போல்ட்டுகளும் இடைவளையங்களும் தனி நீளம், அதனால் அவற்றையும் சேர்த்தே கழற்றி வர வேண்டும். என்னுடையதில் ஒரு துளை ஏற்கெனவே முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. ஒரு கனமான வாஷரை அதன் மேல் வெல்டு வைத்துச் சரிசெய்தோம்.

மாட்டிய பிறகு அதே டயல் கேஜ் சோதனை. முள்ளின் ஆட்டம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கேபினுக்குள் கூடுதல் சத்தம் ஏதும் இல்லை. இணைப்பு அதற்குப் பிறகு காய்ந்தே இருந்தது. இவ்வளவு மெல்லிய தகடு எப்படி இதைச் செய்கிறது என்றால், அது இழுப்பு விசையைத்தான் தாங்குகிறது, வளைவை அல்ல. கியர்பாக்ஸின் மையத்திலிருந்து எட்ட இருக்கும் இரண்டு புள்ளிகளைக் கட்டினால் சின்னப் பட்டைக்கும் பெரிய நெம்பு கிடைக்கும். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர்களை நான் எல்லாவற்றுக்கும் பாராட்ட மாட்டேன், பெட்ரோல் டேங்கைச் சேசிஸுக்கு வெளியே தொங்கவிட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் இந்த பிராக்கெட் நல்ல வேலை.

கம்பெனி பிராக்கெட்டின் எதிரி துரு. கொலராடோவில் குளிர்காலச் சாலைகளில் பனி உறையாமல் இருக்க மெக்னீசியம் குளோரைடு கரைசல் தெளிக்கிறார்கள். அது வண்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். தகட்டின் மடிப்பில் அது தங்கி அரித்தது. சில குளிர்காலங்களுக்குப் பிறகு மடிப்பு ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் செதில் செதிலாக வந்தது. உடையவில்லை, ஆனால் அதற்கு மேல் நம்பி மலையில் ஏற மனம் வரவில்லை.

அப்புறம் வாங்கியதுதான் இப்போது வண்டியில் இருப்பது. லேசரில் வெட்டிய கனமான தகடு, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன், நீள்துளைகளோடு. சின்னப் பட்டறைகள் செய்து விற்கும் சாமான். விலை ஒரு நல்ல டயரின் விலைகூட வராது. விறைப்பில் இது கம்பெனி பிராக்கெட்டைவிட ஒரு படி மேல், டயல் கேஜ் முள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. நீள்துளைகள் இருப்பதால் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியின் சின்னச் சின்னக் கோணல்களுக்குத் தக்கபடி நகர்த்தி உட்காரவைக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. மேலே பூசியிருந்த பவுடர் பெயின்ட் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஓரத்தில் தொடங்கிப் பாம்புச் சட்டை போல உரிந்தது. சுரண்டிவிட்டுச் சாதாரண சேசிஸ் பெயின்ட் அடித்தேன், அதுவே பரவாயில்லை. இரண்டாவது, கியர்பாக்ஸ் ஆயில் பான் கழற்ற வேண்டுமானால் இந்த பிரேஸின் முன்முனையைக் கழற்றியே ஆக வேண்டும், கம்பெனி பிராக்கெட்டில் அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, எக்ஸாஸ்ட் குழாய்க்கும் பிரேஸுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான். என்ஜின் புரளும்போது தட்டியது. குழாயின் ஹேங்கரைக் கொஞ்சம் வளைத்து வைக்க வேண்டியிருந்தது. இரட்டை எக்ஸாஸ்ட் போட்ட வண்டிக்காரர்கள் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டும், விற்பவரின் படத்தில் எக்ஸாஸ்டே இருக்காது.

எந்த பிரேஸானாலும் அதை மாட்டும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. போல்ட்டை முறுக்கி பிரேஸை இழுத்து உட்காரவைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வண்டி நிற்கும்போதே அலுமினிய கியர்பாக்ஸில் ஒரு நிரந்தர இழுப்பு ஏறிவிடும், தடுக்க வந்ததே விரிசலைத் தொடங்கிவைக்கும். நான் செய்வது இப்படி. முதலில் பின் மவுண்டின் ரப்பரைப் பார்ப்பது. அது பிளந்திருந்தால் பிரேஸ் பேச்சையே எடுக்கக் கூடாது, முதலில் மவுண்ட். பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸை ஜாக்கியில் லேசாகத் தாங்கி, அடாப்டர் போல்ட்டுகளை அளவோடு முறுக்குவது. ஜாக்கியை இறக்கி, கனம் முழுவதும் மவுண்டில் உட்கார்ந்த பிறகுதான் பிரேஸைக் கொண்டுவருவது. எல்லா போல்ட்டும் கையாலேயே சிக்கலில்லாமல் உள்ளே போக வேண்டும். பிரேஸுக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மெல்லிய வாஷரால் நிரப்புவது. அப்புறம்தான் ஸ்பேனர்.

அலுமினியத்தில் இறங்கும் 3/8 அங்குல போல்ட்டுகளுக்கு நான் 40 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதில்லை. பழைய கியர்பாக்ஸில் மரை ஏற்கெனவே பலமுறை கழற்றி மாட்டப்பட்டிருக்கும். வலுவாக இழுத்தால் மரையே சுருளாக வெளியே வரும், பிறகு ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட வேண்டும். போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு, கீழே தட்டையான வாஷர். ஒரு நாள் கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது. அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஒரு கண் வைத்தால் போதும். போல்ட் தலையில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோடு விலகியிருக்கிறதா என்று படுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிரேஸ் தீர்க்காதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அதிர்வுக்கு மருந்தாக நினைத்து வாங்குபவர்கள் நிறைய. நெடுஞ்சாலையில் மணிக்கு 90, 100 கிலோமீட்டரில் வரும் நடுக்கம் பெரும்பாலும் ஷாஃப்ட்டின் கோணத்திலிருந்தோ தேய்ந்த யூ ஜாயிண்ட்டிலிருந்தோ வருவது. லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் பின் ஷாஃப்ட்டின் சரிவு கூடிவிடும், கிராஸ் மெம்பரை இறக்கியோ ஆக்ஸிலைத் திருப்பியோதான் அதைச் சரிசெய்ய முடியும். என்ஜின் மவுண்ட் போயிருந்தால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது என்ஜின் இடது பக்கம் எழும்பும், ஃபேன் கூண்டில் உரசும். இதற்கெல்லாம் பின்னால் போடும் பட்டை ஒன்றும் செய்யாது. என் வண்டியில் பிரேஸ் மாற்றியபோது போன ரீங்காரம், அந்த ஆங்கிள் இரும்பு உண்டாக்கியதுதானே தவிர வேறில்லை.

யாருக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை? எஸ்.எம்.465 நாலு கியர் மேனுவல் வண்டிகள். அந்த கியர்பாக்ஸ் உடம்பும் வார்ப்பிரும்பு, அதன் பின்னால் 205 தொங்கினால் இரும்போடு இரும்பு. முதல் கியர் 6.55 என்பதால் முறுக்கு பயங்கரமாக இருக்கும், ஆனால் அந்த ஜோடி தாங்கிக்கொள்கிறது. தெரிந்த ஒருவரின் கே20 அப்படித்தான், பனி தள்ளும் கலப்பை மாட்டிக் குளிர்காலம் முழுவதும் முன்னும் பின்னும் போகிற வண்டி. பிரேஸ் இல்லை, அடாப்டர் காய்ந்தே இருக்கிறது. அதற்கு நேரெதிர், இரண்டு டிரான்ஸ்ஃபர் கேஸை ஒன்றன் பின் ஒன்றாக வைக்கும் ஆட்கள். பழைய டொயோட்டா பிக்கப்புகளில் இது ரொம்பப் பிரபலம். வரிசையின் நீளம் கூடி, கனம் இன்னும் பின்னால் போவதால் அங்கே முட்டு இல்லாமல் ஓட்டுவது பொறுப்பற்ற வேலை.

விறகு ஏற்றி, லோ ரேஞ்ச் அடிக்கடி போட்டு, மலையில் ஏறுபவருக்கு கனத் தகடு பிரேஸ். வாரக்கடைசியில் ஊருக்குள் ஓட்டிவிட்டு ஷெட்டில் விடுபவருக்குத் துருப்பிடிக்காத ஒரு கம்பெனி பிராக்கெட் கிடைத்தால் அதுவே போதும், பான் கழற்றும் தொல்லையும் இருக்காது. சேசிஸில் வெல்டு வைத்த எதையும் பார்த்தால் அறுத்துவிடுங்கள், பிரேஸ் வாங்கக் காசு சேரும் வரை சும்மா ஓட்டினாலும் பரவாயில்லை.

பழைய ஸ்கொயர்பாடி வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச்சும் ஒரு ஸ்பேனரும் எடுத்துப் போங்கள். கியர்பாக்ஸின் வலப்பக்கமும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்முகமும் பாருங்கள். மரை வெட்டிய துளைகள் காலியாக, அழுக்கு நிரம்பிக் கிடந்தால் அங்கே இருந்த பிராக்கெட் எப்போதோ போய்விட்டது என்று பொருள். போல்ட் துளைகளைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டு விரிசல் தேடுங்கள். பிறகு உரிமையாளரிடம் கேட்டு டிரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்பும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பழுப்பு எண்ணெய் விளிம்பு வரை நின்றால் நல்லது. சிவப்பாகப் பொங்கி வழிந்தால், சீல் மாற்ற டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கும் கூலியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எப்படியும் இறக்கப்போகிறீர்கள், பிரேஸையும் அப்போதே போட்டுவிடலாம்.